பொன்மணி ஓடிய முப்பத்திரண்டு கிலோமீட்டர்

கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய குடிசைகளில் யாராவது விடிவதற்கு முன்னால் ஓடினால் அதற்கு மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது, தண்ணி லாரி வந்துவிட்டது, அல்லது யாரோ யாரையோ துரத்துகிறார்கள். அதனால், பொன்மணி முதன்முதலாக ஷூ மாட்டிக்கொண்டு நாலு மணிக்குச் சந்திலிருந்து ஓடியபோது, பின்னாலேயே ஏழெட்டுப் பேர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாலம்வரை போன பிறகுதான் லாரி இல்லை என்று தெரிந்தது.

"இன்னாக்கா இது! லாரி எங்க?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள் பக்கத்து வீட்டு ஜுவேரியா. இடுப்பில் இரண்டு குடம்.

"லாரி இல்லடி. நான் சொம்மா ஓடறேன்."

"சொம்மாவா? சொம்மா எதுக்கு ஓடுவாங்க? பேய் கீய் புட்சிக்கிச்சா?"

அன்றிலிருந்து சந்தில் அவளுக்கு லாரி என்று பெயர். விடிகாலையில் அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டால், பாயில் படுத்தபடியே யாராவது, "லாரி கெளம்பிருச்சிப்பா" என்பார்கள்.

பொன்மணிக்கு வயது முப்பத்தெட்டு. அடையாறு காந்தி நகரில் நாலு வீடுகளில் பாத்திரம் துலக்கி, வீடு துடைக்கிற வேலை. நாலில் ஒன்று மூன்றாவது மாடி ஷண்முகப்ரியாவுடையது. வங்கியில் பெரிய வேலை, ஒண்டி ஆள், இரண்டு வருஷமாக ஓட்டப் பயிற்சி. விடிகாலை இருட்டில் தனியாக ஓடப் பயம், தெருநாய்களென்றால் அதைவிடப் பயம். "பொன்மணி, நீ சும்மா கூட வாயேன். ஒரு ஆள் இருந்தா தைரியமா இருக்கும்" என்று தன் பழைய ஷூவைக் கொடுத்தாள். அளவு சரியாக இருந்தது. துணைக்குப் போனவள் மூன்றாவது வாரத்தில் மேடத்தை எங்கோ பின்னால் விட்டுவிட்டு எலியட்ஸ் கடற்கரைக்கே போய்விட்டாள். வந்தது துணைக்கு என்று அங்கே போய்த்தான் ஞாபகம் வந்தது. திரும்ப ஓடி வந்தாள். மேடம் ஒரு வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எதிரே இரண்டு நாய்.

"உன் வேகம் என்ன தெரியுமா உனக்கு?" என்று கைக்கடிகாரத்தைக் காட்டினாள் ஷண்முகப்ரியா. "நான் கோச் வச்சு, டயட் இருந்து, இன்னும் இதுல பாதி வரல. ஜனவரில நீ ஃபுல் ஓடற. முடிவு பண்ணிட்டேன்."

"ஃபுல்லுன்னா இன்னா மேடம்?"

"நாப்பத்திரெண்டு கிலோமீட்டர்."

இதை வீட்டில் சொன்னபோது அவள் புருஷன் துரைராஜ், "ஃபுல்லுன்னா எனக்குத் தெரிஞ்சது வேற ஒண்ணு. அத அடிச்சா நாலு கிலோமீட்டர்கூட ஓட முடியாது" என்றான்.

துரைராஜ் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். வாய் சும்மா இருக்காது. அவள் ஓடிவிட்டுச் சந்துக்குள் நுழையும்போது வாசலில் உட்கார்ந்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷை மைக்காகப் பிடித்துக்கொண்டு, கிண்டி குதிரைப் பந்தய அறிவிப்பாளன் குரலில் ஆரம்பிப்பான்: "நேயர்களே! தோ வந்துக்கினு கீது, ஆத்தங்கர குதிர, நம்பர் ஒண்ணு, பொன்மணி! பால்வண்டிய முந்திருச்சி! வாயில நுர தள்ளுது! கொள்ளு வைக்க ஆள் இல்ல நேயர்களே!" சந்தே சிரிக்கும். பொன்மணியும் சிரித்துக்கொண்டே அவன் தலையில் தட்டிவிட்டு டீக்கு அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஷண்முகப்ரியா போட்டிக்குப் பெயர் பதிந்தபோது, நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் சீட்டில் என்ன பெயர் அச்சடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். "என் பேரையா மேடம்? அதுல போடுவாங்களா?" என்று பொன்மணி இரண்டு முறை கேட்டாள். அவள் பெயர் அதுவரை அச்சில் வந்தது ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் மூன்றில்தான். மூன்றிலும் 'க/பெ துரைராஜ்' என்று ஒரு வால் தொங்கும். இதில் வால் கிடையாது. வெறும் பொன்மணி. அந்தச் சீட்டை நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஏற்பட்ட ஆசையை, வெட்கப்பட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லவில்லை.

ஆசைக்கு நேரம் எங்கிருந்து எடுப்பது? தூக்கத்திலிருந்துதான். மூன்று மணிக்கு எழுந்து சோறு வடித்து, குழம்பு வைத்து, நாலுக்கு ஓடி, ஆறுக்கு முதல் வீட்டு வேலைக்குப் போய்விடுவாள். தண்ணி லாரி வரும் நாட்களில் துரைராஜ் குடம் பிடித்தான். அவன் வாழ்நாளில் செய்யாத வேலை. பெண்கள் வரிசையில் நின்று, "ஏம்மா, கொஞ்சம் தள்ளி குந்தும்மா, என் பொண்டாட்டி ஓடப் போய்க்கீது" என்பான். அவர்கள் செய்த கேலியை அவளிடம் சொல்லமாட்டான்.

செப்டம்பர் போய் அக்டோபர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் பதினெட்டு, இருபத்தொன்று, இருபத்தைந்து கிலோமீட்டர் என்று ஏறியது. பொன்மணி மேடம் வீட்டுக் குளியலறையில் துடைப்பத்தோடு உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஒருநாள் குழம்பில் உப்பு இல்லை, மறுநாள் இரண்டு தரம் விழுந்திருந்தது.

மகள் நிஷா பத்தாவது. மூன்றாம் வகுப்பிலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பொன்மணி புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள, நிஷா ஒப்பிப்பாள். பொன்மணி எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மகள் சொல்லும் வேகத்துக்கு அவள் விரல் வரியில் நகராது. ஆனாலும் பிடித்திருப்பாள். தப்பு எது என்று தெரியாவிட்டாலும், நிஷா திணறும் இடத்தில், "ம், இன்னொரு வாட்டி சொல்லு" என்பாள். அது போதுமாயிருந்தது.

அக்டோபரில் இரண்டாவது வரியிலேயே பொன்மணியின் தலை சாய்ந்தது. புத்தகம் மடியில் விழும். நிஷா நிறுத்துவாள். "நான் கேட்டுக்கினுதான் கீறேன், நீ சொல்லு" என்பாள் பொன்மணி, கண்ணைத் திறக்காமலே. ஒரு ராத்திரி நிஷா புத்தகத்தை எடுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீ தூங்கும்மா. நான் செவுத்தாண்ட சொல்லிக்கறேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதனால்தான் பொன்மணிக்கு அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் துரைராஜிடம், "நிறுத்திடட்டாய்யா?" என்றாள்.

"ஜனவரி வரிக்கும்தானே? ஓடு. அப்பால வந்து பொண்ணுக்குப் புக்கு புடி. எங்க போயிடப் போறோம் நாம்ப, இங்கதான் கீறோம்."

ஆற்றங்கரைக் குடிசைகளை அரசாங்கம் எடுக்கப் போகிறது என்று பத்து வருஷமாகவே பேச்சு. ஒவ்வொரு மழைக்கும் பேச்சு வரும், மழையோடு போய்விடும். இந்த முறை நவம்பரில் நிஜமாகவே வந்தது. கணக்கெடுக்க வருவார்கள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் மிஷினில் கைரேகை எடுப்பார்கள், ரேகை விழுந்தால் டோக்கன். டோக்கன் இருந்தால் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஒரு வீடு. டோக்கன் இல்லையென்றால் இடித்த பிறகு எங்கேயாவது போய்க்கொள்ள வேண்டியதுதான். போவதற்கு யாருக்கும் பிரியமில்லை. ஆனால் டோக்கன் இல்லாமல் போவதற்குப் பயந்தார்கள்.

ரேகை வைப்பதில் சந்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விதி இருந்தது. பெண்கள்தான் வைக்க வேண்டும், ஆண்கள் மிஷின் பக்கமே போகக்கூடாது. பாதி ஆண்களின் பெயர் எப்போதோ இடிக்கப்பட்ட அப்பன் வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த ஏதோ ஒரு அடுக்குமாடி வீட்டுப் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்தது. துரைராஜின் பெயர், பெரும்பாக்கத்தில் அவன் அண்ணன் சேரன் வீட்டுப் பட்டியலில் இருந்தது. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை முறிந்து பத்து வருஷம். ஆனால் மிஷினுக்குப் பங்காளிச் சண்டை தெரியாது. அவன் விரலை வைத்தால், உனக்குத்தான் ஏற்கெனவே வீடு கொடுத்தாயிற்றே என்று சொல்லிவிடும்.

சனிக்கிழமை சாயந்திரம் சந்துத் தலைவர் தணிகாசலம் மைக் பிடித்தார். "அல்லாரும் கேட்டுக்கங்க! திங்கக்கெழம காலைல பத்து மணிக்கி ஆபீசருங்க வராங்க! லேடீஸு யாரும் வேலைக்கிப் போவாதீங்க! ஆதாரு, ரேஷன் கார்டு ரெடியா வச்சிக்கங்க!"

மறுநாள் ஞாயிறு. முப்பத்திரண்டு கிலோமீட்டர்.

"நாளிக்கு போவாத" என்றான் துரைராஜ்.

"திங்கக்கெழமதானேய்யா சொன்னாரு."

"இவனுங்க சொன்ன நாளுக்கு என்னிக்கி வந்துகீறானுங்க? ஒண்ணு முன்னாடி வருவான், இல்ல வரவே மாட்டான்."

"இது ஒண்ணுதான்யா பெரிய ஓட்டம். இத ஓடலன்னா ஜனவரில முடியாதுன்னு மேடம் சொல்லிச்சி. எட்டு மணிக்கெல்லாம் வந்துடறேன்."

"மேடத்துக்கு இன்னா, பட்டா வூட்ல கீது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

காலையில் கிளம்பும்போது நிஷா சமூக அறிவியல் புத்தகத்தின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே போனில்தான் பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள் வரும். பொன்மணி அதை மகளின் தலைமாட்டில் வைத்தாள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். ஓடினாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகப் போக வெளுத்தது. இருபத்தேழாவது கிலோமீட்டரில் கால் கல்லாகிப்போனது, முப்பதில் காலே இருப்பதாகத் தெரியவில்லை. ஏழே முக்காலுக்கு பெசன்ட் நகரில் நின்றபோது அவளுக்குப் பின்னால், மேடத்தோடு ஞாயிறுதோறும் ஓடும் குழுவில் இருபது பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

ஓட்டம் முடிந்து எல்லோரும் டிபன் சாப்பிடப் போவது வழக்கம். பொன்மணி ஒருநாளும் போனதில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டே வேலைக்கோ வீட்டுக்கோ ஓடிவிடுவாள். அன்றைக்கு, பாதி தூரத்தோடு நிறுத்திவிட்டுக் காத்திருந்த ஷண்முகப்ரியா கையைப் பிடித்தாள். "முப்பத்திரெண்டு ஓடிட்டு ஒண்ணும் சாப்பிடாம போவியா? மயக்கம் போட்டு விழுவ. பத்து நிமிஷம். உக்காரு."

உட்கார்ந்தாள். அவர்களோடு சமமாக நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. யாரோ, "பொன்மணிக்கு ஒரு கிளாப்!" என்றார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். மேடத்தின் போன் ஸ்கூட்டர் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. இரண்டு இட்லி. சாம்பார் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினாள். பத்து நிமிஷம் அரை மணியாயிற்று. மேடத்தின் ஸ்கூட்டரில் பாலத்தருகே வந்து இறங்கியபோது மணி எட்டு முப்பத்தைந்து.

சந்து வாசலில் கூட்டமாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவள் வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "லாரி வந்திருச்சி" என்று ஒருவரும் சொல்லவில்லை.

நடந்ததை ஜுவேரியாதான் சொன்னாள். அவளுக்கு எதையும் நடித்துக் காட்டாமல் சொல்லத் தெரியாது.

"ஆறரைக்கே வந்துட்டாங்கக்கா. நாளைக்கி யாரோ மந்திரி ஃபங்சனாம். ஆபீசரு ஒல்லியா, மூக்கால பேசறான். 'குடும்பத் தலைவி யாரும்மா, வரச் சொல்லு.' மாமா சொல்றாரு, 'தோ வந்துக்கினே கீது சார், தண்ணி புடிக்க போய்க்கீது.' அப்பால இன்னா பண்ணாரு தெரியுமா? அவுங்கள கடைசி சந்துக்கு இட்டுக்கினு போய்ட்டாரு, 'அங்க நாயி கடிக்கும் சார், நான் இருந்தா கடிக்காது'ன்னு. ஆறு பேருக்கும் டீ வாங்கியாந்தாரு. டீ சூடு இல்லன்னு திரும்பப் போய் வேற வாங்கியாந்தாரு. மேடத்துக்கு போன் அடிச்சாரு, அடிச்சிக்கினே இருந்தாரு, எடுக்கல. நிஷா நாலு வாட்டி பாலத்தாண்ட ஓடிப் போய்ப் பாத்துட்டு வந்திச்சி. எட்டு பத்துக்கு ஆபீசரு சொல்றான், 'யோவ், தலைவி இல்லன்னா வீடு பூட்டுன்னு எழுதிட்டுப் போறேன்.' மாமா, 'சார் சார் சார்...'"

துரைராஜின் குரல் அப்படியே வந்தது. கூட்டத்தில் ஒருத்தி பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டாள். ஜுவேரியா நிறுத்தினாள். அதற்கு மேல் நடிக்காமல், தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"மாமா விரல வச்சிட்டாருக்கா."

துரைராஜ் வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டைவிரலில் பெயிண்ட் ஒட்டிக்கொண்டது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்யா வச்ச?"

"பூட்டுன்னு எழுதிடுவேன்னான். மிஷினு புதுசா கீதே, பழைய பேரு இருக்காதுன்னு நெனச்சிக்கினேன்."

அவள் குனிந்து ஷூவைக் கழற்றினாள். வாயில் சாம்பார் வாசனை இன்னும் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் ஓடவில்லை, அலைந்தாள். மனுவை எடுத்துக்கொண்டு, வீடு ஒதுக்கும் ஆபீஸில் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு. கடைசி ஜன்னலில் இருந்த அம்மாள் நல்லவள், கம்ப்யூட்டரைத் திருப்பியே காட்டினாள். "பாரும்மா, உன் வீட்டுக்காரர் பேர்ல 'ஏற்கெனவே ஒதுக்கீடு பெற்றவர்'னு விழுந்துடுச்சு. இத எங்களால மாத்த முடியாது. வீடு பூட்டியிருந்ததுன்னு மட்டும் எழுதியிருந்தாங்கன்னா, அடுத்த வாரமே உன் ரேகைய வாங்கிச் சேத்திருப்போம்."

அவளும் கூட வந்திருந்த துரைராஜும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். பொன்மணி சொன்னாள்: "எழுதட்டும்னு வுட்டிருக்கலாம் நீ."

துரைராஜ் சொன்னான்: "வூட்ல இருந்திருக்கலாம் நீ."

இதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். மறுபடி அதை யாரும் எடுக்கவில்லை. வேறு பேச்சும் குறைந்துபோயிற்று. துரைராஜின் குதிரைப் பந்தயக் குரலை யாரும் மறுபடி கேட்கவில்லை.

டிசம்பர் நடுவில் இடித்தார்கள். டோக்கன் இருந்தவர்களுக்குச் சாமான் ஏற்ற லாரி வந்தது. "லாரி வந்திருச்சி, லாரி வந்திருச்சி" என்று சந்து முழுக்க ஒரு குழந்தை கத்திக்கொண்டு ஓடியது. ஜுவேரியா தன் லாரியில் ஏறுவதற்கு முன்னால் பொன்மணியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஏறிக்கொண்டாள். துரைராஜ் பெயிண்ட் காண்டிராக்டரின் டெம்போவைக் கேட்டு வாங்கி வந்தான்.

போக ஒரே இடம்தான் இருந்தது. பெரும்பாக்கம், சேரன் வீடு. ஒரு ஹால், ஒரு ரூம், ஏற்கெனவே ஆறு பேர். சேரனின் மனைவி கதவை முழுக்கத் திறக்காமல் நின்றாள்.

"பத்து வர்சமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. இப்ப மிஷினு சொல்லிச்சின்னு வந்துட்டீங்களாக்கும்?"

சேரன், "வுடுடி, அவன் பேரும்தான் கீது" என்றான். அந்தப் பெயரை வைத்துத்தான் உள்ளே நுழைந்தார்கள். பால்கனிக்குப் பக்கத்தில் மூன்று பேர் படுக்க இடம் கிடைத்தது.

நிஷாவுக்கு மார்ச்சில் பரீட்சை, நடுவில் பள்ளி மாற்ற முடியாது. இருட்டில் அவள் தனியாகப் பஸ் ஏற முடியாதென்று பொன்மணியும் கூடவே கிளம்பினாள். இரண்டு பஸ், போக ஒன்றே முக்கால் மணி நேரம். ஆறு மணிக்கு வர முடியாதவள் எங்களுக்கு வேண்டாம் என்று இரண்டு வீடுகள் நிறுத்திவிட்டன. ஷூ ஒரு கோணிப்பைக்குள் பரண்மேல் கிடந்தது. இப்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் அவளுக்குக் கண் கொட்டக் கொட்ட விழிப்பு. ஆனால் ஹாலில் டிவி ஓடும். நிஷா புத்தகத்தோடு மாடிப்படி விளக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். பொன்மணி ஒருநாள் பின்னாலேயே போய், "குடு, புடிச்சிக்கறேன்" என்றாள்.

"வேணாம்மா. எனக்கு இப்பிடியே பழகிச்சி."

ஜனவரியில் ஷண்முகப்ரியா போன் செய்தாள். "பொன்மணி, எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. அன்னிக்கு நான்தான் உன்னை உக்கார வச்சேன்."  பிறகு தயங்கித் தயங்கி, "உன் நம்பர் சீட்டு என்கிட்ட இருக்கு. நீ ஓடப் போறதில்லன்னா... என் ஃப்ரெண்டு ஒருத்தி பதிய மறந்துட்டா. அவ ஓடட்டுமா? வேணாம்னா சொல்லிடு."

"ஓடட்டும் மேடம். வீணாப் போவுதில்ல."

ஞாயிற்றுக்கிழமை நிஷாவுக்கு ஏழரை மணிக்கு ரிவிஷன் பரீட்சை. ஐந்தே முக்காலுக்கு அம்மாவும் மகளும் பஸ் ஏறினார்கள். ராஜீவ் காந்தி சாலையில் பஸ் ஒழுங்காகத்தான் வந்தது. மத்திய கைலாஷுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. போலீஸ்காரர் கயிறு கட்டியிருந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பத்து நிமிஷம், இருபது நிமிஷம். டிரைவர் என்ஜினை நிறுத்தினார். பஸ்ஸில் ஆளுக்கொரு குரல் கிளம்பியது. "வேல வெட்டி இல்லாத பசங்க!" "ஓடறதுன்னா பார்க்குல ஓட வேண்டியதுதான?" "யோவ் கண்டக்டர், எனக்கு ஏழு மணி டூட்டிய்யா!" பூக்கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பொன்மணியைத் திரும்பிப் பார்த்தாள். "வெயிலு ஏறுனா பூவு வாடிடும். இதுங்க ஓடி இன்னாத்தம்மா வாரிக்கினு போவுதுங்க?"

"எனுக்கு இன்னா தெரியும்" என்றாள் பொன்மணி.

நிஷா ஜன்னலோரம் இருந்தாள். மணி ஏழைத் தாண்டியது. சாலையோரம் மஞ்சள் பனியன் போட்ட கல்லூரிப் பிள்ளைகள் தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டு, ஓடி வருகிறவர்களின் நெஞ்சில் இருக்கும் பெயரைப் படித்து, அந்தப் பெயரைச் சொல்லியே கத்தி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். "சூப்பர் விவேக்!" "விடாத லதா, விடாத!"

பிறகு, "கமான் பொன்மணி! பொன்மணி! பொன்மணி!"

சிவந்த, உயரமான ஒரு பெண் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கிட்டத்தட்ட நடந்தே வந்தாள். அந்தப் பெயர் யாருடையதோ என்பது போல நிமிர்ந்து பார்த்தாள். உடனே ஞாபகம் வந்து சிரித்துக் கையை ஆட்டினாள். பிள்ளைகள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

"யாரும்மா அது பொன்மணி? பெரிய ஆளா? இந்தக் கத்து கத்துதுங்க" என்றாள் பூக்கார அம்மாள்.

நிஷா தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள்.

"யாரோ" என்றாள் பொன்மணி.

 நிஷா மடியில் இருந்த புத்தகத்தை மூடி, ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பி, உதடு மட்டும் அசைய ஒப்பிக்க ஆரம்பித்தாள். ஒரு இடத்தில் திணறினாள். திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். அதே இடத்தில் மறுபடியும் திணறினாள். பொன்மணி வாயைத் திறந்தாள். அந்த 'ம், இன்னொரு வாட்டி சொல்லு' வரவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சமும் தூக்கமில்லாமல், கேட்டுக்கொண்டிருந்தாள். கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை. மணி ஏழரை.